ஏழாம் நம்பர் நல்லரத்தினம்

போன கிழமை அமிர்தகழியில் புஸ்பத்தின் வீட்டுக் கடப்படி வாசலில் நாம் விட்டு வந்தபோது, உள்ளே அக்காவும் தங்கையும் முகம் பார்த்துப் பேசி நாலு நாளாகியிருந்தது. காரணம் ஒரு பிளாஸ்டிக் வாளி என்று மூத்தவள் தக்ஷாயினி கடைக்குக் கடை சொல்லித் திரிந்தாள்.

வாளிக்காக யாரும் நாலு நாள் பேசாமல் இருப்பதில்லை. உண்மையான காரணம் பக்கத்து வளவில் நிற்கிறது. சுவர் எழும்பி, யன்னல் வைத்து, முகடு மட்டும் போடாமல் விட்ட வீடு. உள்ளே ஒரு பப்பாசி மரம் முளைத்து, போன மாதம் காய்க்கவும் தொடங்கிவிட்டது.

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒருதரம் சொல்லிவிடலாம். எங்கள் பக்கத்தில் தாய்வீடு மூத்த மகளுக்கு. அடுத்தவளுக்கு அடுத்த வளவில் ஒன்று கட்டிக் கொடுப்பார்கள். ஆண்பிள்ளை, கட்டிய பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். தாய்வீட்டை எடுத்தவள்தான் தாயையும் பார்க்க வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கணக்கில் தக்ஷாயினி எட்டு வருடத்துக்கு முன் வீட்டை எடுத்துக்கொண்டாள். நடுவில் பிறந்த நிலோஜன் கிரானில் பெண் கட்டிப் போனான். இளையவள் யசோதினிக்கு எழும்பிய வீடுதான் அந்தப் பப்பாசி வீடு. முகட்டுக்கு மரம் பார்க்கப் போக இருந்த கிழமையில் தகப்பன் நல்லரத்தினம் மாரடைப்பில் போய்ச் சேர, வேலை அப்படியே நின்றது. ஒன்றரை வருடமாகிறது. வளவு இன்னும் தாயின் பேரில்தான்.

முப்பத்தொரு வயதில் யசோதினிக்கு இருப்பது ஒரே ஒரு திட்டம். ஆறு மாதமாக நூலக உதவியாளர் பயிற்சிக்குப் போகிறாள். அது முடிந்தால் நிரந்தர வேலை. வேலை கிடைத்தால் முகடு. முகடு போட்டால், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவின் குசினிப்பக்க அறையை விட்டுப் போய்விடலாம்.

இன்று பயிற்சியின் கடைசி நாள். மாவட்டத்திலிருந்து மேலதிகாரி வந்து, வேலை செய்ய விட்டுப் பார்த்து, அறிக்கை எழுதுவார். யசோதினி ஏற்கெனவே இரண்டு லீவு எடுத்துவிட்டாள். இரண்டும் தாயின் கண் கிளினிக்குக்காக. மூன்றாவது லீவு விழுந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். அதனால் இன்றைய கிளினிக் தக்ஷாயினியின் முறை என்று மாதத் தொடக்கத்திலேயே பேசி முடித்தாகிவிட்டது. அதாவது, வாளிக்கு முன்பே.

கண் கிளினிக்கில் ஒரு வழக்கம் இருக்கிறது. விடிய முன் நோயாளியின் சிகிச்சைக் குறிப்புக் கொப்பியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டால், விழுந்த வரிசைப்படி கூப்பிடுவார்கள். ஆள் அவசரப்படாமல் ஆறுதலாக வரலாம். ஆகவே எங்கள் வீதியில் மனிதர்களுக்கு முன் அவர்களுடைய கொப்பிகள் ஆசுப்பத்திரிக்குப் போய்விடும்.

டியூசன் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஏறாவூர் றுஸ்தியின் ஓட்டோ ஐந்தரைக்கு வந்தபோது, தக்ஷாயினி தாயின் அறை ஆணியில் தொங்கிய பையைத் துழாவி, கொப்பியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அந்த வீட்டில் அன்று அவள் செய்த ஒரே வேலை அது. அதன் இலட்சணம் எட்டு மணிக்குப் பிறகு தெரிய வரும்.

ஆறரைக்கு யசோதினி கிணற்றடியிலிருந்து ஈரத்தலையோடு வந்தாள். அக்கா கடுகு நிறப் பட்டுச்சேலையில் நின்று ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா போறாய்?"

நாலு நாளைக்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசிய முதல் வார்த்தை அது.

"உன்னிச்சைக்கு. அத்தான்ட தங்கச்சிர மகளுக்கு இண்டைக்குத் தண்ணி வார்க்கிற. நான் இல்லாட்டி அங்க முகம் கோணும்."

திடீரென்று வந்த பூப்புனித நீராட்டு அழைப்பாம். சேலைக்குப் பொருத்தமாகத் தைத்திருந்த சட்டையை யசோதினி பார்த்தாள். எங்கள் சந்தித் தையல்காரி ஒரு சட்டைக்குப் பதினைந்து நாள் எடுப்பாள் என்பது குழந்தைக்கும் தெரியும்.

"இண்டைக்கு அம்மாட கிளினிக். உன்ட முறை."

"அதுக்கென்ன புள்ள, நீ லைப்ரரிக்குத்தானே போறாய். ஆசுப்பத்திரி போற வழிதானே."

அதிகாரி வருகிற விடயத்தை யசோதினி மறுபடி சொன்னாள். பேரை வெட்டுவார்கள் என்பதையும் சொன்னாள். தக்ஷாயினி கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை.

"புத்தகம் அடுக்கிறதுக்கும் ஒரு அதிகாரியா?" என்று சிரித்தாள். பிறகு, போகிற வழியில் கரண்ட் பில் ஒன்று, தையல்காரியிடம் கொடுத்து இறுக்கிப் பிடித்து வாங்கிவர இன்னொரு சட்டை என்று ஒரு பையையும் நீட்டினாள். அந்த நேரம் பார்த்து நிலோஜன் கிரானிலிருந்து தொலைபேசி எடுத்தான். தங்கை டவுனுக்குப் போகிறாள் என்று அக்கா சொல்ல, தண்ணீர்ப் பம்புக்கு ஒரு வாசர் வாங்கி வைக்கச் சொன்னான். அவனுக்கும் அது போற வழிதான்.

இந்தப் போற வழியைப் பற்றி ஒரு வார்த்தை. மட்டக்களப்பில் எந்தப் பக்கம் வெளிக்கிட்டாலும் கடைசியில் ஏதோ ஒரு பாலத்தில் ஏறி வாவியைக் கடக்கத்தான் வேண்டும். அதனால் வீட்டிலிருந்து புறப்படுகிற பெண்ணுக்கு உலகத்தில் உள்ள எல்லா இடமும் போற வழியில்தான் இருக்கிறது என்பது ஊர்த் தீர்மானம். ஆண்கள் போகும்போது மட்டும் அந்த வழி எப்படியோ சுருங்கிவிடும்.

யசோதினி கத்தவில்லை. தலையை இழுத்து வாரியதில் சீப்பின் இரண்டு பல் முறிந்தது. புஸ்பம் சுவரைத் தடவித் தடவி வந்து, சண்டை வேண்டாம் மனே, நான் தனியப் போய்விடுவேன் என்றாள். கதவுநிலை எங்கே இருக்கிறது என்று கையால் தேடிக்கொண்டேதான் சொன்னாள்.

அதற்குமேல் யசோதினி என்ன செய்வாள். கொப்பி நேரத்தோடு போய்விட்டது. நம்பர் பத்துக்குள் வரும். எட்டுக்கு டொக்டர் வந்தால் எட்டரைக்கு முடியும். றுஸ்தியின் ஓட்டோவில் தாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒன்பதுக்கு நூலகத்தில் நிற்கலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கண் கிளினிக்கின் வாங்குகளில் ஏழு மணிக்கே இடமில்லை. புஸ்பம் தன் பையை மடியில் வைத்து ஒரு மூலையில் ஒடுங்கினாள். யசோதினி நின்றபடி கதவையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எட்டு இருபதுக்கு ஆறாம் நம்பர் உள்ளே போனது.

"ஏழு. நல்லரத்தினம்" என்று தாதி கூப்பிட்டார்.

"ஓம், வாறம்" என்று புஸ்பம் எழும்பிவிட்டாள்.

பதினொரு வருடம் அந்தப் பேருக்கு எழும்பிப் பழகிய கால்கள். இரண்டு அடி நடந்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது. நடுவில் நின்றுவிட்டாள்.

தாதி ஐயாவைத் தேடினார். ஐயா எங்கே என்று கேட்டார்.

"அவர் வரல்ல, மிஸ்."

"கொப்பி வந்திருக்கு, ஆள் ஏன் வரல்ல?"

புஸ்பம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் செத்துப்போனார்" என்றாள்.

வாங்கின் ஒரு பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். மற்றப் பக்கத்தில் யாரோ சூள் கொட்டினார்கள். யசோதினிக்குக் காது இரண்டும் கொதித்தது.

நடந்தது இதுதான். புருஷனும் அதே கிளினிக்கில் கண் காட்டியவர். அவருடைய கொப்பியை எறிய மனம் வராமல் புஸ்பம் தன்னுடையதோடு ஒரே பையில் வைத்திருந்தாள். இரண்டுக்கும் ஒரே நீல அட்டை. தக்ஷாயினி கையில் அகப்பட்டதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். உயிரோடு இருக்கிற தாயின் கொப்பி மடியில் கிடக்க, இறந்துபோன தகப்பன் ஏழாம் நம்பரில் வரிசை பிடித்திருந்தார்.

யசோதினி சரியான கொப்பியை எடுத்து நீட்டி, விடயத்தைச் சொல்லி, அதே நம்பரில் விடச் சொல்லிக் கேட்டாள். பின்னால் நின்ற எட்டாம், ஒன்பதாம் நம்பர்கள் உடனே குரல் கொடுத்தன. தாதி கொப்பியைப் புரட்டினார். புரட்டிய கை நின்றது.

"போன மாதம் பதினேழாம் திகதி ஏன் வரல்ல?"

வந்தார்கள், அக்கா கூட்டி வந்தாள் என்றாள் யசோதினி. தாதி பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பதினேழாம் திகதி வரச்சொல்லி எழுதியிருந்தது. அதன் கீழே வெறும் வெள்ளை.

"இது கண்ணுக்குள்ள அழுத்தம் கூடுற வருத்தம். சொட்டு மருந்து ஒரு நாள் விடக்கூடாது எண்டு எத்தினை தரம் சொல்லிற. தாயைப் பார்க்க ஏலாட்டி ஏன் பிள்ளையள் எண்டு இரிக்கிறீங்க?"

பிள்ளைகள் என்ற பன்மையை அங்கே ஒருத்தியே நின்று வாங்கிக்கொண்டாள். கொப்பி பெட்டியின் அடிக்குப் போனது. புது நம்பர் தொண்ணூற்று நாலு. பன்னிரண்டு மணிக்கு முன் வராது என்றார்கள்.

யசோதினி தாயின் முன்னால் வந்து குந்தினாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்டைக்கு எங்க போன நீங்க?"

"இஞ்சதான் மனே. சனம் கூட எண்டு கிறுகித் திரும்பி வந்திட்டம்."

"மறுகா ஏன் என்னட்டப் பொய் சொன்ன?"

புஸ்பம் பையின் வாயை முடிச்சுப் போட்டாள். அவிழ்த்தாள். மறுபடி போட்டாள். யசோதினி அதற்குமேல் கேட்காமல், வெளியே வந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தாள். நாலு தரம் அடித்து ஐந்தாவதில் எடுத்தவளுக்குப் பின்னால் மேளம் கேட்டது.

"எந்தக் கொப்பி எண்டு எனக்கென்ன தெரியும்? ரெண்டும் ஒரே நிறம்தானே."

"போன தரம் நீதானே கூட்டிப் போன. அப்ப எந்தக் கொப்பியைக் கொண்டு போன?"

மேளம் மட்டும் கேட்டது. பிறகு ஆராத்தி எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி தக்ஷாயினி வைத்துவிட்டாள்.

அடுத்தது அண்ணன். மோட்டார் சைக்கிளில் வந்து இரண்டு மணித்தியாலம் தாயோடு இருக்க முடியுமா என்று கேட்டாள். வயல் வட்டையில் நெல் வெட்டு மெசின் நிற்கிறதாம், விட்டால் அடுத்தவன் வயலுக்குப் போய்விடுமாம். அதுவாவது உண்மையாக இருக்கலாம், மெசின் இரைச்சல் கேட்டது. பதினேழாம் திகதி அம்மா கிளினிக்குக்கே வரவில்லை என்று யசோதினி சொன்னதும், அண்ணன் இரைச்சலை விட்டுத் தள்ளிப் போனான்.

"அம்மா ஏதும் சொன்னவவா?"

"என்னத்தை?"

"ஒண்டுமில்ல. சும்மா கேட்டன்."

ஒன்றுமில்லாததைக் கேட்க ஒருவன் வரம்பு தாண்டிப் போக மாட்டான். ஆனால் யசோதினிக்கு அதை யோசிக்க நேரமில்லை. மணி ஒன்பது பத்து. இங்கே இருந்தால் அங்கே பேர் வெட்டுப்படும். அங்கே போனால் கண் தெரியாத தாய் இங்கே தனியே. இந்த இரண்டையும் அவள் தலையில் கட்டிவிட்டு ஒருத்தி ஆராத்தி எடுக்கிறாள், ஒருத்தன் நெல் வெட்டுகிறான்.

தாயின் கையைப் பிடித்து எழுப்பினாள். மதியத்துக்கு முன் திரும்பி வரலாம் என்றாள்.

"எங்க மனே?"

"போற வழிக்கு."

றுஸ்தியின் ஓட்டோ ஆசுப்பத்திரி வாசலிலேயே நின்றது. இறந்தவரின் கொப்பி விடயம் அதற்குள் அவன் காதுக்கு வந்திருந்தது. "தங்கச்சி, நான் போட்டது மையத்துட கொப்பி எண்டு சொல்லுறாங்க, உண்மையா?" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். கண்ணாடியில் அவள் முகத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு வேகத்தைக் கூட்டினான்.

நூலகத்துக்குள் அவள் காலடி வைத்தபோது ஒன்பது நாற்பது. மேலதிகாரி ஸைனம்பு மேசையில் அமர்ந்து வரவுப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். சிவப்புப் பேனை கையில் இருந்தது. யசோதினியின் பேருக்கு நேரே கட்டம் இன்னும் காலி.

ஏன் பிந்தியது என்று கேட்டார். யசோதினி அருகே நின்ற தாயைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் நாலு வாக்கியத்தில் சொன்னாள். அழவில்லை. கெஞ்சவுமில்லை. அழுதிருந்தால் ஸைனம்பு சிவப்புக் கோடு போட்டிருப்பார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள்.

"பிந்தினது லீவு இல்ல. வந்த நேரத்தை எழுதுங்க" என்றார் ஸைனம்பு. "ஆனா நேரம் கூட்டித் தரமாட்டன். பத்துப் புத்தகம், பத்தரைக்கு முடிக்கணும்."

புஸ்பத்தைப் பத்திரிகை மேசையில் இருத்திவிட்டு யசோதினி வேலையில் இறங்கினாள். பத்தும் கட்டு அவிழ்க்காத புதுப் புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்தி, சேர்வுப் பதிவேட்டில் இலக்கம் ஏற்றி, பகுப்பு எண் போட்டு, கடைசிப் பக்கத்தில் திகதிச் சீட்டு ஒட்டி, உரிய தட்டில் வைக்க வேண்டும்.

முத்திரையை அவள் குத்திய குத்தில் மேசை ஆடியது. முதல் குத்து அக்காவுக்கு. இரண்டாவது அண்ணனுக்கு. மூன்றாவது அந்தத் தாதிக்கு, அது பாவம். சமையல் அறுநூற்று நாற்பத்தொன்று. நெற்பயிர் அறுநூற்று முப்பத்துமூன்று. காணிச் சட்டக் கைநூல் ஒன்றைக் கண்டு ஒரு நொடிகூடத் தயங்காமல் முந்நூற்று நாற்பத்தாறு என்று எழுதினாள். ஆறு மாதத்தில் அவள் கை இப்படி ஓடியதே இல்லை.

பத்து இருபத்தாறுக்குப் பத்தாவது புத்தகம் தட்டில் இருந்தது. ஸைனம்பு எழும்பிப் போய் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். ஒன்றை மட்டும் திரும்பக் கொண்டு வந்தார்.

"பசை காயமுதல் மூடிட்டீங்க. பக்கம் ஒட்டியிரிக்கு." பக்கத்தை நகத்தால் பிரித்துவிட்டு மேசையில் அமர்ந்தார். "மற்றதெல்லாம் சரி. கோபத்தில வேலை பார்க்கிற ஆக்கள் கனபேரைக் கண்டிரிக்கன். பிழை விடாம கோபப்பட்ட ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

அறிக்கையின் அடியில் நியமனத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதி, கையொப்பம் வைத்து, மடித்து, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். ஆறு மாதம் அந்தக் கைப்பைக்குள் போய்விட்டது.

யசோதினியின் கண்ணுக்கு முன்னால் முகட்டு மரம் எழும்பியது, ஓடு வரிசையாக ஏறியது. தாயிடம் சொல்ல ஓடினாள்.

பத்திரிகை மேசையில் புஸ்பம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரைப் பிடித்து, மரண அறிவித்தல்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்பக்கத் தலைப்பு எழுத்துகள் உள்ளங்கை அகலம். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை என்பதை யசோதினி அப்போதுதான் கண்டாள்.

"இந்த ஐயா நல்லா ஆறுதலா வாசிக்கிறார்" என்றாள் புஸ்பம் மகளின் காலடி கேட்டு. "அண்டைக்கு அந்த நொத்தாரிசு ஓட்டமா வாசிச்சான். ஒண்டும் விளங்கல்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்குக் கேட்டது. கையால் வாயை மூடினாள்.

தபால்காரர் நாகரிகமானவர். பத்திரிகையை மடித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். ஆனாலும் காதை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போனார், இல்லாவிட்டால் நமக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்.

மிச்சம் துண்டு துண்டாக வந்தது. பதினேழாம் திகதி ஓட்டோ ஆசுப்பத்திரி வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒரு மாடிப்படி. ஒரு மேசை. வளவுக்கு வரி கட்டாமல் கிடக்கிறது, பேரைப் பதிந்து வைக்க வேண்டும், யசோவுக்கும் நல்லதுதான் என்று மூத்தவள் சொன்னாளாம். காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு வாசித்தானாம். விரலைப் பிடித்து இடத்தைக் காட்ட, ஒப்பம் வைத்தாளாம். யசோவிடம் சொன்னால் அவள் குழம்புவாள் என்பதால் கிளினிக்குக்குப் போனதாகச் சொல்லச் சொன்னார்களாம்.

"எந்த வளவு?"

"இரிக்கிறதே ஒரு வளவுதானே மனே."

அந்த நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்று நாலு சுவரிலும் எழுதியிருக்கிறது. யசோதினி சத்தம் போடவில்லை. பிறகு தட்டுக்குத் திரும்பிப் போய், தானே இலக்கம் போட்ட காணிச் சட்டக் கைநூலை எடுத்து, தன் பேரில் இரவல் பதிந்தாள். அந்தப் புத்தகத்தின் முதல் வாசகி அவள்தான். போகும்போது, பழுதாகி ஒதுக்கிய கட்டிலிருந்து ஒரு திகதிச் சீட்டைக் கேட்டு எடுத்துக்கொண்டாள்.

தொண்ணூற்று நாலாம் நம்பரைப் பன்னிரண்டே காலுக்குக் கூப்பிட்டார்கள். டொக்டர் இளம் பெண். இரண்டு கண்ணிலும் அழுத்தம் நன்றாக ஏறியிருக்கிறது, போன பார்வை இனித் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். மருந்து எப்போது முடிந்தது என்று கேட்டார்.

ஒரு மாதமாகிறது என்றாள் புஸ்பம்.

யசோதினி திரும்பிப் பார்த்தாள். ஒரு நாளும் தவறாமல், பாயில் மல்லாந்து கிடந்து, போத்தலைக் கண்ணுக்கு மேலே தாய் கவிழ்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள். நேற்றும் பார்த்தாள்.

"வெறும் போத்தலையா?"

"விடாட்டி நீ கேப்பாய்தானே" என்றாள் புஸ்பம்.

மூத்தவளின் பொய் கலையாமல் இருக்க, தாய் முப்பது நாள் காற்றைக் கண்ணில் விட்டிருக்கிறாள். இந்தக் கோபத்தை யார் மேல் இறக்குவது என்று யசோதினிக்குத் தெரியவில்லை. மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு, தாயின் கையை வழமையை விட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். புஸ்பத்துக்கு வலித்திருக்கும்.

மாலை ஐந்தரைக்கு தக்ஷாயினி பலகாரப் பையோடு வந்திறங்கினாள். புருஷன் இன்னும் உன்னிச்சையில், பந்தல் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் வந்ததும் கேட்டது சட்டையை.

காலையில் கொடுத்த பை அப்படியே மேசையில் இருந்தது. உள்ளே பில்லும் கட்டப்படாமல் இருந்தது.

"நான் போன வழியில அது இல்ல" என்றாள் யசோதினி.

பைக்குப் பக்கத்தில் தாயின் நீலக் கொப்பி. கடைசி அட்டையின் உட்புறம் நூலகத் திகதிச் சீட்டு ஒட்டியிருந்தது. இந்தமுறை பசை காயும்வரை பொறுத்து ஒட்டியிருந்தாள். அதில் கட்டம் கீறி, திகதி, கூட்டிப் போன இடம், கையொப்பம் என்று எழுதியிருந்தாள். முதல் வரியில் பதினேழாம் திகதி. பக்கத்தில் காலி.

"இனிமேல் அம்மாவைக் கூட்டிப் போறவர் இதில பதியணும். முதல் வரி உன்னுடையது. நிரப்பு."

தக்ஷாயினி சிரித்தாள். "என்ன புள்ள, எங்கட அம்மா என்ன இரவல் புத்தகமா?"

"வீட்டோட சேர்த்து எடுத்தது நீ. எடுத்தவர் பதியிறதுதான் முறை."

மூலைக் கதிரையில் புஸ்பம் கைகளை மடியில் வைத்து இருந்தாள். தக்ஷாயினி ஒருதரம் தாயைப் பார்த்தாள். தாயின் முகத்தில் ஒன்றுமில்லை. அந்த முகம் எட்டு வருடமாக அவளைக் காட்டிக் கொடுத்ததே இல்லை. அந்தத் தைரியத்தில் பேனையை வாங்கினாள். கண் கிளினிக் என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் வளைத்துச் சுழித்து ஒப்பமும் வைத்தாள். இப்போது சரிதானே என்பதுபோல் கொப்பியைத் தள்ளிவிட்டு, பலகாரப் பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"என்ன எழுதினவள்?" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. "வாசி, மனே."

யசோதினி வாசித்தாள். திகதியை வாசித்தாள். கண் கிளினிக் என்பதை வாசித்தாள். அக்காவின் பேரையும் வாசித்தாள். ஒவ்வொரு சொல்லாக, அந்தத் தபால்காரரைப் போல ஆறுதலாக.

புஸ்பம் கடைசிச் சொல்வரை கேட்டாள். பிறகு முகத்தை மூத்த மகள் நின்ற பக்கம் திருப்பினாள். சரியாக அவள் நின்ற இடத்துக்கே திருப்பினாள்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் வாசிச்சவங்க" என்றாள். "வாசிச்சது ஒண்டு. நான் ஒப்பம் வெச்சது எதுக்கு எண்டு இப்ப நீ சொல்லு, மகள்."

பலகார முடிச்சு அவிழவில்லை. தக்ஷாயினியின் கை அதன் மேலேயே இருந்தது.

கடப்படியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றதை உள்ளே இருந்த மூவரும் கவனிக்கவில்லை. வீதியில் நாங்கள் கவனித்தோம். வெட்டு மெசினை விட்டு அசைய முடியாது என்று காலையில் சொன்ன நிலோஜன், காலில் வயல் சேறோடு கிரானிலிருந்து வந்திருந்தான். யன்னல் திறந்திருந்தது. தாயின் கடைசி வார்த்தை வெளியே நன்றாகக் கேட்டது.

எந்த ஒப்பம் என்று அவன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் இறங்கவில்லை. எஞ்சினை நிற்பாட்டாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே போனான்.